நிவேதாவின் அம்மா செய்த பொரியல்

தட்டைத் தன் பக்கம் இழுத்து, குனிந்து மோந்து பார்த்தாள் நிவேதா. சர்க்கரைவள்ளிக்கிழங்கில் ஒரே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றாள். பிறகு தட்டைச் சத்தம் வராமல் என் பக்கமே நகர்த்தி வைத்தாள்.

"இது இல்ல."

அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. எட்டு வயதுப் பெண். பள்ளிச் சீருடை போட்டிருந்தாள்; ஒரு பக்கம் சடை பின்னியிருந்தது, இன்னொரு பக்கம் முடி விரிந்து கிடந்தது. தீர்ப்பைச் சொல்லிவிட்டு எழுந்து, அந்த மிச்சச் சடையைப் பின்னிக்கொள்ளச் சீப்போடு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னிவிடுகிறேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அது என் பதினோராவது முயற்சி.

போன வாரம் என் கல்யாணக் கதையை மலைப்படியில் பாதியில் விட்டிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் மணவூர்க்காரி. அரக்கோணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதில் எனக்குக் கல்யாண வயது தாண்டிப்போனது. முப்பத்தாறில் திருத்தணி மலையில் தாலி ஏறியது. மாப்பிள்ளை தணிகைவேல், அதே ஊரில் லைன்மேன். அவருடைய முதல் மனைவி பூங்கொடி நோயில் விழுந்து இறந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நிவேதா பூங்கொடியின் மகள்.

தாலி கட்டி இறங்கும்போது என் அத்தை ஒருத்தி, "நம்ம சாமிக்கே ரெண்டு பேரு. நீ இன்னாத்துக்குடி கூச்சப்படுற?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்த நிவேதா மட்டும் நின்று திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையோடுதான் நான் அந்த வீட்டுக்குள் போனேன்.

அவள் கேட்டது

முதல் மாதம் முழுக்க அவள் என்னை எந்த உறவு சொல்லியும் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் எதிரே வந்து நிற்பாள். நான் நிமிர்ந்து பார்த்த பிறகு சொல்வாள். இட்லி வைத்தால் பாதி. தோசை வைத்தால் மொறுமொறு ஓரத்தை மட்டும் பிய்த்துத் தின்றுவிட்டு நடுவை விட்டுவிடுவாள். மதியச் சாப்பாட்டு டப்பாவைச் சாயங்காலம் திறந்தால் கொடுத்தது கொடுத்தபடி இருக்கும்.

என் வேலையில் தினமும் வெறும் வயிற்றோடு வருகிறவர்களைத்தான் பார்க்கிறேன். ரத்தம் கொடுத்துவிட்டு, பஞ்சை முழங்கை மடிப்பில் அழுத்திப் பிடித்தபடியே, இன்னொரு கையால் பையிலிருந்து டிபன் டப்பாவைத் துழாவுவார்கள். முதல் வாய் உள்ளே போனதும் முகம் மாறும். எத்தனை ஆயிரம் முகத்தில் அதைப் பார்த்திருப்பேன்! வீட்டில் ஒரு பிள்ளை மட்டும் பசியோடு உட்கார்ந்திருந்தது, நான் வைப்பதைச் சாப்பிடாமல்.

ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"உனக்கு இன்னாதான் புடிக்கும் சொல்லு. நான் செஞ்சு தரேன்."

"அம்மா செய்வாங்களே, அது."

"எது?"

"பேரு தெரியாது. பொரியல் மாதிரி. ஆனா இனிப்பா இருக்கும். காரமாவும் இருக்கும். குட்டி குட்டியா, கட்டம் கட்டமா வெட்டியிருக்கும். செவப்பு, மஞ்சள், வெள்ளை." காற்றில் விரலால் கட்டம் போட்டுக் காட்டினாள். "மேல முட்டை ஒடைச்சு ஊத்தியிருக்கும். காலையிலயும் அதுதான், ராத்திரியும் அதுதான்."

அவள் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொரியல்தானே, செய்துவிடலாம் என்று நினைத்தேன்.

அவரிடம் கேட்டேன். "பூங்கொடி அக்கா இனிப்பும் காரமுமா ஒரு பொரியல் செய்வாங்களாமே, எப்பிடிங்க செய்வாங்க?"

ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "தெரியல. ஞாபகம் இல்ல," என்றார். எங்கேயோ லைன் போய்விட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இறந்தவளைப் பற்றிப் பேச்செடுத்தது அவருக்கு வலிக்கிறது என்று நினைத்து, நானும் பிறகு கேட்கவில்லை.

பதினோரு விதம்

முதலில் சர்க்கரைவள்ளிக்கிழங்கை வேகவைத்து, உரித்து, கடுகு கறிவேப்பிலை தாளித்துச் செய்தேன். "இது இல்ல." உருளைக்கிழங்கு சேர்த்தேன். இல்லை. கேரட் சேர்த்தேன். வெல்லம் பொடித்துப் போட்டேன். தேங்காய் துருவிப் போட்டேன். பீட்ரூட் போட்டதில் தட்டே ரத்தம்போல ஆகி, அன்று அவள் மோந்துகூடப் பார்க்கவில்லை.

திருத்தணியிலிருந்து அரக்கோணத்துக்கு நான் போகும் காலை ரயிலில் ஒரு பெண்கள் கூட்டம் உண்டு. நகரியிலிருந்து ஏறி வரும் லட்சுமி எனக்கு இடம் பிடித்து வைப்பாள். பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. என் சமையல் புலம்பல் அந்தப் பெட்டிக்கே தெரிந்துபோனது. ஆளுக்கொரு யோசனை. லட்சுமிதான் கேட்டாள்: "மஞ்சக் கலரு சொல்றாளே, பரங்கிக்கா போட்டியா நீ? எங்கூட்ல பெல்லமும் மொளகாப்பொடியும் போட்டுதான் பரங்கிக்கா செய்வோம்."

அப்படித்தான் ஒன்பதாவது தடவை பரங்கிக்காய் உள்ளே வந்தது. நிவேதா நாலு துண்டு தின்றாள். "இது இருந்துச்சு," என்று மஞ்சள் துண்டைத் தொட்டுக் காட்டினாள். எனக்கு மலையேறி சாமியைக் கும்பிட்ட மாதிரி இருந்தது. ஆனால் பத்தாவதும் பதினோராவதும் மறுபடி, "இது இல்ல."

இதில் எனக்கு என்ன வீம்பு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். குழந்தை சாப்பிடவேண்டும் என்பது உண்மை. அதோடு இன்னொன்றும் இருந்தது. அந்தப் பொரியல் மட்டும் கைக்கு வந்துவிட்டால் அந்த வீட்டில் எனக்கு ஓர் இடம் வந்துவிடும் என்று நம்பினேன். இறந்தவளோடு போட்டி போடுகிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

தறி நின்றபோது

பூங்கொடியின் கூடப் பிறந்த அக்கா மல்லிகா அம்மையார்குப்பத்தில் இருக்கிறாள். வீட்டுக்குள்ளேயே இரண்டு விசைத்தறி. ஒரு விடுப்பு நாளில், யாரிடமும் சொல்லாமல், பஸ் ஏறிப் போனேன். இறந்த தங்கையின் இடத்துக்கு வந்தவள், அந்தத் தங்கையின் சமையல் பக்குவம் கேட்டு வாசலில் நின்றால் என்ன நினைப்பாள்? வழியெல்லாம் அதே யோசனை.

தறிச் சத்தத்தில் நான் கூப்பிட்டது கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும் மல்லிகா அக்கா ஓடிப்போய் இரண்டு தறியையும் நிறுத்தினாள். காது அடைத்துக்கொண்ட மாதிரி ஓர் அமைதி.

"இன்னாமா, புள்ளைக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒன்னும் இல்லக்கா. நல்லா இருக்கா." விஷயத்தைச் சொன்னேன்.

அவள், "பரங்கிக்காயா? பூங்கொடியா?" என்று கேட்டுச் சிரித்தாள். "அவளுக்கு சின்ன வயசுலருந்து பரங்கிக்கா வாசனையே ஆகாதுமா. எங்க வூட்ல அது வெந்துகினு இருந்தா தெருவுல போய் நின்னுக்குவா. கைல கூட தொடமாட்டா. அவ செஞ்சிருக்கமாட்டா."

"நிவேதா காலையிலயும் ராத்திரியும் தின்னதா சொல்றாளே அக்கா. அஞ்சு வயசு, அஞ்சரை வயசுல."

"அஞ்சரை வயசுன்னா..." அவள் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "அப்போ பூங்கொடி வூட்லயே இல்லியே. வேலூரு ஆஸ்பத்திரில கெடந்தா. ரெண்டு மாசமும் நான்தான் கூட இருந்தேன். ஒரு தண்ணி கிளாஸ புடிக்க கைல தெம்பு இல்ல அவளுக்கு. சமைக்கறது எங்க? புள்ளைய அவ அப்பன்தான் பாத்துகினாரு."

டீ போட்டுக் கொடுத்தாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க புள்ள ஒரு வாய் சாப்பிடணும்னு பஸ்ஸு ஏறி வந்திருக்கியே," என்றாள். நான் தெரு முனை திரும்பும்வரை தறிச் சத்தம் கேட்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது எனக்குப் புரிந்துவிட்டது. அதோடு இன்னொன்றும் நடந்தது. இத்தனை வருடம் கழித்து அதை மறைக்க விருப்பமில்லை. எனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. 'அவள் செய்யவில்லை' என்கிற சந்தோஷம். உடனே வெட்கமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்தேதான் திருத்தணி வரைக்கும் வந்தன.

அவர் சொன்னது

அந்த ஞாயிற்றுக்கிழமை நிவேதா டியூஷனுக்குப் போயிருந்தாள். அவர் பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நேரடியாகவே கேட்டேன்.

"அந்தப் பொரியல நீங்கதானே செஞ்சீங்க?"

கையிலிருந்த ஈரச் சட்டையை மறுபடி பிழிந்தார். அதில் தண்ணீரே இல்லை.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. மல்லிகா அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன்."

படியில் உட்கார்ந்தார். கம்பத்தில் ஏறி இறங்கித் தழும்பேறிய கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு சமைக்கத் தெரியாது கலா. தோசக்கல்லு ஒன்னுதான் தெரியும். வூட்ல கெடந்த காயெல்லாம் பொடிசா வெட்டி அதுல போட்டேன். மொத நாளு மொளகாத்தூள் டப்பாவே கவுந்துடுச்சு. புள்ள வாயில வெக்கமுடியாதேன்னு சக்கரைய அள்ளிப் போட்டேன். அவ தட்ட பாத்துட்டு, அம்மா செஞ்சாங்களான்னு கேட்டா. நான் ஆமான்னுட்டேன். அப்பதான் தின்னா."

ஈரச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு மேலே சொன்னார்: "ஒரு நாளைக்குன்னுதான் சொன்னேன். மறுநாளும் கேட்டா. அம்மா வெடிகாலைல வந்து செஞ்சு வெச்சிட்டு ஆஸ்பத்திரிக்கு போய்ட்டாங்கன்னேன். ரெண்டு மாசம் அதே பொய்யிதான். அப்பால பூங்கொடி வரவே இல்ல. நான் செஞ்சேன்னு எப்பிடி சொல்றது? அவகிட்ட அம்மான்னு மிச்சம் இருந்ததே அந்தத் தட்டுதான்."

நான் ஏன் பதினோரு தடவையும் தோற்றேன் என்பது அன்று தெரிந்தது. நான் சமையல் தெரிந்தவளாகச் செய்துகொண்டிருந்தேன். அவரோ தெரியாதவராகச் செய்தவர். அவர் கிழங்கை முன்னால் வேகவைக்கவில்லை. தாளிக்கவில்லை. சர்க்கரைவள்ளி, உருளை, பரங்கிக்காய், வெங்காயம், எல்லாவற்றையும் சுண்டுவிரல் நக அளவுக்குக் கட்டமாக வெட்டி, எண்ணெய் தாராளமாக விட்ட தோசைக்கல்லில் பச்சையாகவே பரப்பிவிடுவார். உப்பு, மிளகாய்த்தூள் போடுவார். வெல்லம் இல்லை, வெள்ளைச் சர்க்கரை. அந்த நேரம் பார்த்து வேலூரிலிருந்து மல்லிகா அக்கா போன் செய்வாள், ராத்திரி எப்படிப் போயிற்று என்று சொல்ல. இவர் கேட்டுக்கொண்டே நின்றுவிடுவார். கிளறமாட்டார். காய் அடியில் பிடித்து, சர்க்கரை உருகிக் கருகி, ஓரமெல்லாம் கறுப்பாகும். போனை வைத்த பிறகு அதைச் சுரண்டித் திருப்பிப் போட்டு, மேலே ஒரு முட்டையை உடைத்து ஊற்றி மூடிவிடுவார்.

"நீங்களே ஒரு தடவை செஞ்சு காட்டுங்களேன்," என்றேன்.

"வேணா. நான் செஞ்சா அவளுக்குத் தெரிஞ்சிடும். நீ செய். நான் சொல்றேன்."

சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "கிளறாத. உடு, உடு. இன்னும் கொஞ்சம் கருகட்டும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குக் கை பரபரத்தது. அடியில் பிடிக்கும் வாசனை வந்தும் கிளறாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று சமைக்கிறவர்களுக்குத் தெரியும்.

டியூஷன் முடிந்து வந்த நிவேதா வாசற்படியிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள். பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து முழுத் தட்டையும் காலி செய்தாள். தலையை நிமிர்த்தி, "சின்னம்மா, இன்னும் கொஞ்சம்," என்றாள்.

அவள் என்னை முதல்முதலாக உறவு சொல்லிக் கூப்பிட்டது அந்த நிமிடம். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

நாக்கு நுனி வரை

அதன்பிறகு எங்கள் வீட்டில் கிருத்திகையும் விரத நாட்களும் போக, வாரத்தில் இரண்டு நாளாவது அது உண்டு. 'அம்மா பொரியல்' என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது. நிவேதாவின் கன்னம் உப்பியது. சடையும் நான்தான் பின்னிவிட்டேன்.

அவளுக்குப் பதிமூன்று வயதானபோது ஒரு சண்டை. பள்ளியில் சுற்றுலா கூட்டிப்போகிறார்கள், நான் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள்கூட ஆகவில்லை. அவள் கத்தினாள்.

"நீங்க யாரு என்னை போகாதன்னு சொல்ல? உங்களுக்கு சமைக்கறது ஒன்னுதான் தெரியும். அதுவும் எங்கம்மா செஞ்சத பாத்து கத்துகினது!"

நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. 'உங்கம்மா செய்யலடி.' இரண்டே சொல். சொல்லியிருந்தால் அவள் அந்த இடத்திலேயே அடங்கிப்போயிருப்பாள்.

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். வாளி நிரம்பி வழிந்து, கால் நனைந்தது. அந்தச் சொல்லைச் சொல்லாததற்கு அவள்மேல் இருந்த பிரியம்தான் காரணம் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் பயம்தான் பெரிய காரணம். அதைக் கேட்டால் அவள் எங்கள் இரண்டு பேரையுமே விட்டுவிடுவாள் என்று பயந்தேன்.

இந்த அத்தியாயத்தை எழுதலாமா என்று நிவேதாவிடம் கேட்டேன். இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். நான் எழுதியிருந்த வரைக்கும் படித்துவிட்டு, "எழுதுங்க. ஆனா அந்த டூருக்கு நான் போனேன்னும் போடுங்க," என்றாள். போட்டுவிட்டேன். போனாள். மறுபடி காய்ச்சலோடுதான் வந்தாள்.

இலை

பூங்கொடியின் நினைவு நாளில் வருடாவருடம் படையல் போடுவோம். அவள் படத்துக்கு மாலை, முன்னால் தலைவாழை இலை. வடை, பாயசம், சாம்பார், அவளுக்குப் பிடித்த புளிச்சகீரை. இலையில் எல்லாவற்றையும் அவர்தான் வைப்பார். நிவேதா பதினோராவது வகுப்புப் படித்த வருடம், "இந்த தடவ அம்மா பொரியல நானே செஞ்சு எலையில வெக்கறேன்," என்றாள். அதுவரை அது படையலில் சேர்ந்ததில்லை. முட்டை மட்டும் வேண்டாம் என்றேன். சரி என்றாள்.

காலையிலேயே குளித்து, ஈரத்தலையில் துண்டு கட்டிக்கொண்டு, அவளே காய் வெட்டினாள். கருகும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் வந்து குனிந்தாள்.

"அத வெக்காதம்மா," என்றார் அவர்.

நிவேதா குனிந்தபடியே திரும்பிப் பார்த்தாள். "ஏன் நைனா?"

அவர் கையில் கற்பூரத் தட்டு. இன்னும் ஏற்றவில்லை. நான் அவரைப் பார்த்தேன், வேண்டாம் என்று. அவர் என்னைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கம்மாவுக்குப் பரங்கிக்கா ஆகாதும்மா. வாசனையே ஆகாது."

"அவங்க செஞ்சதுதானே இது?"

"அவ செய்யல. நான் செஞ்சது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். என்னிடம் சொன்ன அதே சொற்கள்தான், இன்னும் கம்மியாக. கடைசியில், "உங்கிட்ட பொய் சொல்லிட்டேன். அவ எதுரே நின்னு மறுபடி அதே பொய்ய என்னால சொல்ல முடியல," என்றார்.

நிவேதா கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எத்தினி வருஷமா?"

"எட்டு."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். எழுந்து உள்ளே போய்த் துணிப்பையில் இரண்டு சுடிதாரைத் திணித்துக்கொண்டு, "பெரியம்மா வீட்டுக்குப் போறேன். யாரும் வரவேணாம்," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். அவர் கற்பூரம் ஏற்றினார். நாங்கள் இரண்டு பேரும் மட்டும் கும்பிட்டோம். அவள் வைத்த கிண்ணத்தை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. சாயங்காலம் எறும்பு மொய்த்திருந்தது.

அவள் இல்லாத நாட்கள்

நாலு நாள் அவளிடமிருந்து ஒரு சொல் இல்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. மல்லிகா அக்காதான் தினமும் பேசினாள்.

"பயப்படாதமா. நல்லாதான் இருக்குது. தறிகிட்ட முக்காலி போட்டு உக்காந்துகினு பூங்கொடியப் பத்தியே கேட்டுகினு இருக்குது. நானும் தறிய நிறுத்தி நிறுத்திச் சொல்றேன். இந்த வாரம் ஒரு பொடவ முடிஞ்சா பெருசு."

"இன்னா சொல்றீங்க அக்கா?"

"இருக்கறதச் சொல்றேன். அவ சமையல் ரொம்ப சுமாரு. ரசத்துல ரெண்டு தடவ உப்பு போடுவா. புள்ளைக்கு ஊட்டறேன்னு உக்காந்தா, புள்ளைக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய்னு பாதிய அவளே தின்னுடுவா. அதக் கேட்டு ஒரே சிரிப்பு இதுக்கு. அப்பால அழுவுது. அப்பால மறுபடி கேக்குது."

அந்த நாலு நாளும் அவர் வேலைக்குப் போய் வந்தார். கேட்டதற்குப் பதில் சொன்னார். ஒரு தடவை, "நான் சொன்னது தப்பா கலா?" என்று கேட்டார். ரயிலில் லட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து, எதுவும் கேட்காமல், நகரி பக்கத்து ஏகாம்பரகுப்பத்தில் வாங்கிய கொய்யாப்பழத்தை என் கையில் வைத்தாள். பரிசோதனைக் கூடத்தில் ஒருவருக்கு நரம்பு கிடைக்காமல் இரண்டு தடவை குத்திவிட்டேன். எனக்கு அப்படி ஆனதே இல்லை.

ஐந்தாம் நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நிவேதா. தலையில், தோளில், நூல் பிசிறு ஒட்டியிருந்தது. நேராக உள்ளே போய் முகம் கழுவினாள். துடைத்துக்கொண்டு வந்து, கூடத்தில் உட்கார்ந்திருந்த அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நைனா."

"சொல்லும்மா."

"அந்த ரெண்டு மாசமும் எத்தினி மணிக்கு எழுந்துக்குவ நீ?"

"நாலு, நாலரை இருக்கும்."

"எனக்கு செஞ்சு மூடி வெச்சிட்டு வேலைக்கு போவ."

"ஆங். பக்கத்து வூட்டு அக்கா ஒன்ன இஸ்கூல்ல வுட்டுடுவாங்க."

"வேலை முடிச்சு வேலூரு."

"ஆங்."

"வந்து ராத்திரிக்கும் எனக்கு அதையே சூடு பண்ணித் தருவ."

அவர் தலையாட்டினார். திட்டு எப்போது வரும் என்று காத்திருக்கிற ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"அப்போ நீ இன்னா சாப்ட்ட?"

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. நிஜமாகவே யோசித்தார். எட்டு வருடமாக அவர் கூட இருக்கிறேன், எனக்கும் அதைக் கேட்கவேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

"ஞாபகம் இல்லம்மா," என்றார். "டீ குடிச்சிருப்பேன்."

நிவேதா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து சமையலறைக்குப் போனாள். நானும் எழுந்தேன். திரும்பிப் பார்க்காமலே, "நீங்க உக்காருங்க சின்னம்மா, நான் பாத்துக்கறேன்," என்றாள்.

மாவுப் பாத்திரம் எடுக்கும் சத்தம். அடுப்புப் பற்றவைக்கும் சத்தம். முதல் தோசையைக் கொண்டுவந்து அவர் தட்டில் வைத்தாள், நடுவும் ஓரமும் ஒரே சீராகச் சிவந்த தோசை. பக்கத்தில் மல்லிகா அக்கா கொடுத்தனுப்பிய எள்ளுப்பொடி. இரண்டாவதை என் தட்டில் வைத்தாள். மறுபடி அவருக்கு. மறுபடி அவருக்கு.

அவர் எப்போதும் மூன்று தோசைக்காரர். நாலாவதுக்குத் தட்டின்மேல் கையை விரித்து, "போதும்மா," என்றார். அவள் அந்தக் கையைப் பிடித்து ஒருபக்கமாக எடுத்து வைத்துவிட்டு, தோசையைத் தட்டில் போட்டாள்.

"சாப்டு நைனா."

அவர் குனிந்து சாப்பிட்டார். அவள் அடுத்ததை ஊற்ற உள்ளே போனாள்.